ரொட்டிக்காரருக்கு வந்த பட்டம்

பெனிசிமானிக்குப் பட்டம் வந்த நேரத்தில் அவர் ஒரு பன்றியின் வயிற்றுக்குள் சுட்ட கல்லைத் திணித்துக்கொண்டிருந்தார். அரசர் ஆளும் அந்தத் தீவில், வைலேலெய் ஊரின் பிரபு முந்தின நாள் காலமாகியிருந்தார். பெரிய வீட்டின் முன்புறம் பாடகர்கள் ஓயாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். பின்புறம், புகையும் சேறுமாகக் கிடந்த சமையல் கொட்டகையில், உறவுமுறையில் தாழ்ந்தவர்கள் எல்லாரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். துக்கத்துக்குரிய கிழிந்த பெரிய பாயை நெஞ்சுவரை சுற்றிக் கட்டிக்கொண்டு, விடிவதற்குள் முந்நூறு ரொட்டி சுட்டு இறக்கிவிட்டு வந்த களைப்போடு, பெனிசிமானி அந்தப் பன்றிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

அப்போது ஃபேயாவோ கொட்டகைக்குள் வந்தார். அவர் இறந்த பிரபுவின் மாதாபுலே. சபைகளில் பிரபு பேச வேண்டியதையெல்லாம் நாற்பது வருடம் அவருக்கு வாயாக இருந்து பேசியவர். அப்படிப்பட்டவர் சேற்றைப் பொருட்படுத்தாமல் பெனிசிமானியின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“ஈரல் இன்னும் வேகலண்ணே. அரை மணி கழிச்சு வாங்க.”

“ஈரலுக்கு வரலைங்க.”

அந்த ‘ங்க’வைக் கேட்டு, பக்கத்தில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். நேற்றுவரை “டேய் பெனி” என்று கூப்பிட்ட வாய் அது.

“பெரியவருக்கு அடுத்தது யாருன்னு பரம்பரைச் சீட்டைப் பிரிச்சுப் பாத்தோம். அரண்மனையிலயும் கேட்டாச்சு. ஆம்பளை வழியில அடுத்து நிக்கறது நீங்கதான்.”

பெனிசிமானி கையிலிருந்த கிடுக்கியைக் கீழே வைத்தார். பிரபுவுக்கு ஒரே மகன். அவன் ஆக்லாந்தில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. மற்றது மூன்றும் பெண்கள். மூத்தவள் மெலெனைதேயின் தாத்தாவும் பெனிசிமானியின் தாத்தாவும் கூடப் பிறந்த அண்ணன் தம்பி. அண்ணன் வழி பெரிய வீட்டில் இருந்தது. தம்பி வழி கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கி, மூன்றாம் தலைமுறையில் ஊர்க்கோடி ரொட்டிக் கடைக்கு வந்து நின்றது.

“அக்கா இருக்காங்களே” என்றார் பெனிசிமானி.

“அவங்க பொம்பளைங்க.”

“அது எனக்கும் தெரியும்ணே. இருபது வருசமா ஊரை நடத்தினது யாரு? பெரியவரா? அவங்கதானே.”

“சட்டத்துல அப்படி எழுதலையே” என்றார் ஃபேயாவோ. அவருக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

பெனிசிமானி பன்றியை அடுப்புக் குழியில் இறக்கி இலை போட்டு மூடினார். ஃபேயாவோ “நீங்க இனி இதையெல்லாம் தொடக் கூடாதுங்க” என்றார். “அப்ப யாரு தொடறது, அது கருகிப் போகும்” என்று சொல்லிவிட்டு அவர் அதன் மேல் மண்ணைத் தள்ளினார்.

அவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. இருபத்திரண்டாம் வயதில் மாமனாரிடமிருந்து அந்த அடுப்பை வாங்கிக்கொண்டவர். ஞாயிற்றுக்கிழமை ஊரில் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். தேவாலயமும் ரொட்டிக் கடையும் மட்டும் திறந்திருக்கும். சாயங்காலப் பிரார்த்தனை முடிந்து வெள்ளைச் சட்டையும் இடுப்புப் பாயுமாக ஊரே அவர் கடை வாசலில் சூடான ரொட்டிக்கு நிற்கும். முப்பத்திரண்டு வருடமாக அவர் விடிந்த பிறகு எழுந்ததே இல்லை. அறுபது வயதில் அடுப்பை யாரிடமாவது கொடுத்துவிட்டு, வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் தனக்கென்று வைத்திருந்த ஆசை. அதை மனைவி கலோலைனேயிடம் வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லுவார். “அறுபது வந்தா முட்டி வலில நீயே எழுந்துப்ப” என்பாள் அவள்.

அன்று வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது கலோலைனே மாவு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா மீன் பிடிக்கிறவர். பிரபு வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவள் இல்லை.

“வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டியா?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல.”

“ஏன்?”

“வாயில வரல. பன்றி வேற கருகற மாதிரி இருந்துச்சு.”

அவள் ஊசியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். “பெனி, அந்தப் பெரிய வீட்டுக்கு வர்ற பொம்பளைங்க என்னை நடையில உக்கார வெப்பாங்க. உன்னை உள்ள உக்கார வெச்சு சிரிப்பாங்க. ரெண்டு பொண்ணு பெத்து வெச்சிருக்கோம். உனக்குப் பின்னால அவங்களுக்கும் அது கிடையாது. அப்புறம் எதுக்கு?”

அவருக்கும் அதேதான் தோன்றியது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்ற முடிவோடுதான் அன்று படுத்தார். அடுத்த நாள் மத்தியானம் சிட்னியிலிருந்து தம்பி சதேகி போனில் பேசாமல் இருந்திருந்தால் கொடுத்தும் இருப்பார்.

சதேகி அங்கே அலுவலகக் கட்டடங்களைச் சுத்தம் செய்கிற வேலையில் இருபத்தைந்து வருடம் இருந்தவன். மூன்று மகன்கள். கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஊரில் எந்தச் சாவுக்கும் அவன் அனுப்புவது வந்து சேர்ந்துவிடும்.

“அண்ணே, உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? வேணாம்னு எழுதிக் குடுத்துரு. நீ நிம்மதியா ரொட்டி சுடு. நான் வந்து பாத்துக்கறேன்.”

“வந்து என்ன பாத்துப்ப?”

“கடற்கரைப் பக்கம் ஒரு கம்பெனிக்காரங்க ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்காங்க. ஹோட்டல் கட்டணுமாம். பெரியவர் பிடி கொடுக்கல. எங்கிட்ட பேசினாங்க. ஊருக்கே வேலை கிடைக்கும்ணே. நம்ம பசங்க இங்க வந்து கக்கூஸ் கழுவ வேண்டாம் பாரு.”

“கடற்கரையில முப்பது குடும்பம் இருக்கேடா.”

“இருக்காங்க. பதிவு ஏதாவது இருக்கா?”

பதிவு இல்லை. அதுதான் அந்த ஊரின் நோய். தாத்தா காலத்திலிருந்து ஒவ்வொரு குடும்பமும் வீட்டு மனையிலும் தோட்ட நிலத்திலும் வாய்வார்த்தையின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. பிரபு ஒப்புக்கொண்டு, நிலத்துறையில் ஒருமுறை பதிந்துவிட்டால் போதும். அது அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், பிரபுவே நினைத்தாலும் பிடுங்க முடியாது. ஆனால் இறந்த பெரியவர் “என் வாக்கு இருக்கும்போது காகிதம் எதுக்கு?” என்று சொல்லியே காலத்தைக் கடத்திவிட்டார். அவர் வாக்கை மீறியவர் இல்லை. அந்த வாக்கு இப்போது அவரோடு பெட்டிக்குள் போய்விட்டது.

பெனிசிமானி போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். மாவு பொங்கி வழிந்தது. கலோலைனே வந்து அதை அமுக்கிவிட்டு, “என்னவாம் உன் தம்பி?” என்று கேட்டாள். அவர் சொன்னார். அவளுடைய அண்ணன் வீடும் கடற்கரையில்தான் இருந்தது. அவள் கையில் ஒட்டிய மாவை உதறினாள். கொஞ்சம் கழித்து, “நடையில உக்காரறதுக்கு எனக்கு ஒரு நல்ல பாய் வேணும்” என்றாள்.

மூன்று மாதம் கழித்து அரசரின் முன்னால், பட்டமேற்பவருக்குக் காவா வேர்ப் பானம் கொடுக்கும் வட்டம் கூடியது. வைலேலெய்க்காரர்கள் பன்றியும் கிழங்கும் வேரோடு பிடுங்கிய காவாச் செடியுமாக நாலு லாரி நிறையக் கொண்டுபோய் இறக்கினார்கள். அத்தனையும் யார் யார் தோட்டத்திலிருந்து வந்தது என்று பெனிசிமானிக்குத் தெரியும். கடன்பட்டவர் போல அவர் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். லாங்கிமாலு என்று பட்டப்பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது தன்னைத்தான் என்று உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. கைதட்டி, கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். அவ்வளவுதான். பெனிசிமானி என்ற பெயர் அன்றோடு ஊரிலிருந்து போய்விட்டது.

கலைந்து வரும்போது வேறொரு ஊர்ப் பிரபு பக்கத்திலிருந்தவரிடம், பெனிசிமானியின் காதில் விழும்படியே, “இங்க ஏதோ மாவு வாசனை வருதே” என்றார்.

“ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல தின்ன ரொட்டியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். சண்டை போடுகிற தெம்பில் சொன்னதல்ல. கால் வலித்தது, சீக்கிரம் லாரியில் ஏறி உட்கார வேண்டும் என்று இருந்தது.

ஊருக்கு வந்த பிறகுதான் பட்டத்தின் எடை தெரிந்தது. அரசருக்கு ஒரு பேச்சு, பிரபுக்களுக்கு ஒரு பேச்சு, மற்றவர்களுக்கு ஒரு பேச்சு என்று அந்தத் தீவின் மொழியில் மூன்று உண்டு. அதுவரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இப்போது அமுது செய்தார். தூங்கிக்கொண்டிருந்தவர் துயில் கொண்டார். அவர் வயிற்றுக்கும் காலுக்கும்கூட வேறு பெயர் வந்துவிட்டது. கூடப் படித்தவர்கள் தரையைப் பார்த்துப் பேசினார்கள். வழியில் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாகக் குந்தினார்கள். எதையாவது வேடிக்கையாகச் சொன்னால், சிரிக்கலாமா என்று முதலில் ஃபேயாவோவின் முகத்தைப் பார்த்தார்கள்.

“ஐயா அமுது செய்ய எழுந்தருளலாமா, இல்ல கஞ்சி ஆறட்டுமா?” என்று கலோலைனே மட்டும் உள்ளேயிருந்து கூப்பிடுவாள்.

ரொட்டிக் கடை ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. பிரபுவின் கையில் காசைக் கொடுத்து ரொட்டி வாங்க ஊர்க்காரர்களுக்குக் கை வரவில்லை. முதல் ஞாயிறு யாரும் வரவில்லை. இரண்டாம் ஞாயிறு வந்தவர்கள் காசுக்குப் பதிலாகக் கோழியும் கிழங்கும் கொண்டுவந்து வாசலில் வைத்து, தலை குனிந்து நின்றார்கள். கலோலைனே தான் ஒருத்தியாக உட்கார்ந்து விற்றுப் பார்த்தாள். பிரபுவின் மனைவியிடம் மீதிச் சில்லறை கேட்பது எப்படி என்று தெரியாமல் அவர்கள் சில்லறையை விட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் அடுப்பைப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் கழற்றி எடுத்துக்கொண்டு போனான்.

ஆனால் திங்கட்கிழமைகளில் கூட்டம் வந்தது. முதலில் வந்தவன் ஹோபோஆதே. தோட்ட நிலத்தை அப்பாவுக்குப் பின் முப்பது வருடமாக உழுதுகொண்டிருப்பவன். கயிற்றில் ஒரு கொழுத்த பன்றியைப் பிடித்துக்கொண்டு வந்து, முற்றத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தில் பெனிசிமானிக்கு அடுத்த பெஞ்சுக்காரன்.

“பதிவுக்குத்தானே? குடு, கையெழுத்து போடறேன். பன்றியை வீட்டுக்குப் பிடிச்சுட்டுப் போ.”

ஹோபோஆதேயின் முகம் செத்துவிட்டது. “சின்னதா இருக்குதுங்களா ஐயா?”

“சின்னதில்லடா. வேணாம்னு சொல்றேன்.”

அவன் பன்றியை இழுத்துக்கொண்டு போனான். கையெழுத்துக்கு நீட்ட வேண்டிய காகிதத்தையும் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலம் மெலெனைதே வந்தாள். அவள் பெனிசிமானியைவிட மூன்று வயது மூத்தவள். சின்னத் தாத்தா பேரனும் தம்பிதான் என்பதால் இருவருக்கும் அக்கா தம்பி முறை. வயது வந்த அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்காரக் கூடாது, நேருக்கு நேர் பேசி விளையாடக் கூடாது. அவள் சமையலறைக்குள் வந்ததும் இவர் எழுந்து முன்னறைக்குப் போய்விட்டார். நடுவாசலில் கலோலைனே உட்கார்ந்துகொண்டாள். தடுப்பு ஒற்றைப் பலகைதான். எல்லாருக்கும் எல்லாம் கேட்கும்.

“உன் புருசன்கிட்ட சொல்லு. ஒருத்தன் கொண்டுவந்த பன்றியைத் திருப்பி அனுப்பறது அவன் மூஞ்சில துப்பற மாதிரி. பன்றியை வாங்கிக்கச் சொல்லு. வாங்கிட்டு, நாளைக்கு வேற யாரு வீட்டுச் சாவுக்காவது அனுப்பச் சொல்லு.”

“கேட்டுச்சா?” என்றாள் கலோலைனே முன்னறையைப் பார்த்து.

“கேட்டுச்சு. சரின்னு சொல்லு.”

“சரியாம். ஆனா அதுவரைக்கும் அந்தப் பன்றிக்குத் தீனி போடப் போறது நான்தான். அதையும் ரெண்டு பேருமா பேசி முடிவு பண்ணுங்க.”

பலகைக்கு அந்தப் பக்கம் மெலெனைதே சிரித்தது கேட்டது. பிறகு அவள் பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்துக் கலோலைனேயிடம் கொடுத்தாள். நாற்பத்தாறு குடும்பம். யார் எந்தப் பலாமரத்திலிருந்து எந்தக் கிணறுவரை, யாருடைய தாத்தா யாருக்கு விட்டுக்கொடுத்தது, எந்த வேலி எந்தப் புயலில் நகர்ந்தது என்று இருபது வருடமாக எழுதி வைத்திருந்தாள். அப்பா கையெழுத்துப் போடுவார், போடுவார் என்று ஒவ்வொரு வருடமும் காத்திருந்து எழுதிய நோட்டு. அதைக் கலோலைனே முன்னறைக்குக் கொண்டுபோய்க் கணவரின் மடியில் வைத்தாள்.

அப்படித்தான் அது தொடங்கியது. வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று பெனிசிமானி கணக்குப் போட்டிருந்தார். அது நடக்கிற காரியமாக இல்லை. வரைபடம் போட அளவைக்காரர்கள் வர வேண்டும். பக்கத்து வேலிக்காரன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டியவன் நியூசிலாந்தில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருப்பான். மழைக்காலத்தில் அளக்க முடியாது. பெனிசிமானி வாரம் தவறாமல் பேருந்தில் தலைநகருக்குப் போய், நிலத்துறை வராந்தா பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்தார். பிரபு பேருந்தில் வருவதைப் பார்த்து ஊழியர்கள் பதறி எழுந்தார்கள். உள்ளே நாற்காலி போட்டார்கள். உள்ளே போனாலும் காத்திருக்கிற நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். மற்ற பிரபுக்கள் அவரை ‘மாவுப் பிரபு’ என்றார்கள். பிரபுக்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் தேர்தல் வந்தபோது மட்டும் இரண்டு பேர் அவர் வீடு தேடி வந்து, காவா குடித்து, பழைய குடும்பம் என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

பெரிய வீட்டுக்குக் குடிபோகச் சொல்லி ஃபேயாவோ கேட்காத நாளில்லை. “பட்டம் இருக்கற எடத்துலதானே ஐயா இருக்கணும். ஓலைக்கொட்டாய்ல உக்காந்து வர்றவங்களைப் பாத்தா ஊருக்கு என்ன மரியாதை?”

“அங்க அக்கா இருக்காங்க.”

“இருக்கட்டுமே. பின்கட்டுல ஒரு ரூம் குடுத்துட்டா போச்சு.”

“ஃபேயாவோ அண்ணே, இன்னிக்கு எனக்கு உடம்பு முடியல. நாளைக்கு வந்து இதையே சொல்லுங்க.”

உடம்பு முடியவில்லை என்பது சாக்கில்லை. சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. வலது காலில் ஒரு புண் வந்து ஆறவில்லை. சடங்கு இல்லாத வாரமில்லை. எந்தச் சடங்கிலும் பிரபு மணிக்கணக்காகச் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், முன்னால் வைத்ததைத் தின்ன வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண், “உப்புக்கறியை விடுங்க, கிழங்கைக் குறைங்க, ஓய்வு எடுங்க” என்றாள். “இந்த மூணையும் செய்ய முடியாத ஒரே வேலை இதுதாம்மா” என்றார் அவர்.

ஐந்தாம் வருடம், முப்பத்து மூன்றாவது குடும்பத்தின் பதிவு வந்த வாரத்தில், பெனிசிமானி நோட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். அதில் மெலெனைதேயின் பெயர் எங்கேயும் இல்லை. தேடத் தேவையும் இல்லை. பெண் பெயரில் மனை பதிய முடியாது. அவள் கணவன் விட்டுவிட்டுப் போனவன். விதவை என்ற உரிமையும் இல்லை. தான் கண் மூடிய மறுநாள், சதேகி நினைத்தால், அவளைப் பெரிய வீட்டிலிருந்து கிளம்பச் சொல்லலாம். ஒரே வழிதான் இருந்தது: பெண்கள் குத்தகை எடுக்கலாம். அவர் படிவம் வாங்கி நிரப்பினார். கலோலைனேயிடம் கொடுத்து அனுப்பவில்லை. புண்காலை இழுத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த நேரத்தில், தானே பெரிய வீட்டுப் பின்பக்கம் போய் நின்றார்.

மெலெனைதே கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முறைப்படி உள்ளே போகத் திரும்பினாள்.

“அக்கா. இதைக் குடுத்துட்டுப் போயிடறேன்.”

அவள் வாங்கிப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

“எங்கப்பா வீட்டுல நான் குத்தகைக்காரியா?”

அவர் புண்காலை மாற்றி ஊன்றினார்.

“தொண்ணூத்தொம்போது வருசம்னு போட்டிருக்க. எனக்கு இப்பவே அறுபத்திரண்டு.”

“சட்டத்துல அதுக்கு மேல போட முடியாதுக்கா.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்தி, துணிக் கூடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். வயது வந்த பிறகு அவர்கள் நேராகப் பேசிக்கொண்டது அதுதான் முதல் முறை.

“இருபது வருசம் அந்த நோட்டை எழுதினேன் பெனி. எந்த வேலி எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். ஒரு கையெழுத்து போட எனக்கு உரிமையில்ல. நீ எங்கயோ மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்த, உன்னைக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சாங்க. அன்னிக்கு அப்பா சாவுல நான் அழுதது அப்பாவுக்காக மட்டும்னு நெனச்சியா?”

“இல்லக்கா.”

“உன்மேல கோவப்படணும்னு எத்தனையோ நாள் நெனச்சிருக்கேன். உன் மூஞ்சியப் பாத்தா அதுவும் வரல. அவ்வளவு களைச்சுப் போய்க் கெடக்கற.” படிவத்தை மடியில் வைத்து நீவினாள். “பேனா வெச்சிருக்கியா?”

வைத்திருந்தார். அவள் கூடையின் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். “காலைக் காட்டு” என்றாள் பிறகு. புண்ணின் கட்டைப் பார்த்துவிட்டு, “கலோலைனே இதை மாத்தவே இல்லையா? சரி, நீ போ, நான் வந்து அவகிட்ட பேசிக்கறேன்” என்று உள்ளே போய்விட்டாள்.

ஏழாம் வருடம் ஆஸ்பத்திரியில் அந்தப் பாதத்தை வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு அவர் தலைநகருக்குப் போகவில்லை. படிவங்கள் அவரிடம் வந்தன. சதேகி பார்க்க வந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது, முழங்கையில் பட்டை கட்டியிருந்தான். கட்டிலின் கால்மாட்டில், முறைப்படி தரையில் உட்கார்ந்தான்.

“எத்தனை ஆச்சு?”

“நாப்பத்தொண்ணு. மூணு வீட்டுல இங்க ஆம்பளை யாரும் இல்ல. ரெண்டு வீடு அண்ணன் தம்பி சண்டை. அவனுங்க சமாதானம் ஆகறதுக்குள்ள நான் போயிடுவேன்.”

“எனக்குன்னு எதையும் மிச்சம் வெக்கலியேண்ணே.”

“வெக்கக் கூடாதுன்னுதான்டா இதுக்கு வந்தேன். உன்கிட்ட பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.”

சதேகி தரைப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நான் ஊரை வித்துத் தின்னுடுவேன்னு நெனச்சியா?”

“அப்படி நெனக்கல. நீயும் அலுத்துப் போனவன். அலுத்துப் போனவன்கிட்ட எவனாவது வந்து, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்னு சொன்னா குடுத்துடுவான். நானா இருந்தாலும் குடுத்திருப்பேன்.”

அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. சதேகி பத்து நாள் இருந்தான். அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டினான், சவரம் செய்துவிட்டான். திரும்பிப் போன மூன்றாம் மாதம், ஒரு வியாழக்கிழமை காலையில், பெனிசிமானி இறந்த செய்தி கேட்டு மறுபடி விமானம் ஏறி வந்தான்.

பட்டம் அவனுக்குப் போயிற்று. கம்பெனிக்காரர்கள் ஒருமுறை வந்து வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். கடற்கரை நெடுகப் பதிவு எண்கள். தேங்காய்த் தண்ணீர் குடித்துவிட்டு, வேறொரு தீவைப் பற்றிப் பேசிக்கொண்டே காரில் ஏறினார்கள்.

சதேகி பட்டமேற்று ஊருக்கு வந்த அன்று முற்றத்தில் மரப்பட்டைத் துணிகளும் பாய்களும் இடுப்புயரத்துக்குக் குவிந்திருந்தன. சட்டம் பெண்ணுக்கு எதையும் கொடுக்கவில்லை என்றாலும், அக்கா முறைக்காரிக்கு வழக்கம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது: தம்பிக்கு வந்த குவியலிலிருந்து அவள் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. சதேகிக்குக் கூடப் பிறந்த அக்கா இல்லை. மூத்த கிளையின் மெலெனைதேதான் அந்த இடத்தில் இருந்தாள். அவள் கூட்டத்தின் நடுவே நடந்து வந்து, குவியலைச் சுற்றிப் பார்த்தாள். மேலே கிடந்த பளபளப்பான புதிய துணிகளைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து மிக மெல்லிய, மிகப் பழைய பாயை உருவினாள். அரண்மனையிலிருந்து வந்த பாய் அது, குவியலிலேயே மதிப்பு மிக்கது. ஃபேயாவோ வாயைத் திறந்து மூடிக்கொண்டார். சதேகி தலை குனிந்தபடி இருந்தான்.

பாய் நீளமானது, ஒருத்தியால் தூக்க முடியவில்லை. விதவைக் கறுப்பில் ஓரமாக உட்கார்ந்திருந்த கலோலைனே எழுந்து போய் மறுமுனையைப் பிடித்தாள்.

“உங்களுக்கு எதுக்கு இது?” என்று கேட்டாள், வாசலைத் தாண்டியதும்.

“தெரியல. எடுக்கணும்னு இருந்துச்சு” என்றாள் மெலெனைதே. “மெதுவா நட. மூச்சு வாங்குது.”